சோளம், மக்காச்சோள ஆராய்ச்சிக்கு குரோத் சேம்பர் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

பயிர் வினையியல் துறையில் இருப்பவர்களும், புராஜெக்ட் பணத்தில் கருவி வாங்கப் போகிற ஆராய்ச்சி மாணவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். சோளத்தில் வெப்ப அழுத்த ஆராய்ச்சி செய்வதற்காக, ஆள் உள்ளே போய் வரும் அளவில் ஒரு குரோத் சேம்பர் (வெப்பம், வெளிச்சம், ஈரப்பதத்தை நாமே வைத்துச் செடி வளர்க்கும் அறை) வாங்கினோம். விவகாரம் இன்னும் கடிதத்தில் ஓடிக்கொண்டிருப்பதால் கம்பெனி பெயரைச் சொல்லவில்லை.

டெண்டரில் நாங்கள் கேட்டது, செடி வளர மட்டும் 2 மீட்டர் உயரம். சரி என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள். வந்து இறங்கியதை டேப் வைத்து அளந்தால், அவர்கள் சொன்ன 2.2 மீட்டர் என்பது அடித்தகட்டிலிருந்து கூரைத்தகடு வரைக்குமான கணக்கு. விளக்குப் பலகை, அதற்குக் கீழே ஒரு தடுப்பு, காற்று வருவதற்காக ஓட்டை போட்டு உயர்த்திய தளம், தொட்டியின் உயரம் எல்லாம் போக செடிக்கு மிஞ்சியது 1.3 மீட்டர்தான். நெட்டை ரகங்களை விடுங்கள், குட்டை ரகமே கதிர் தள்ளும் நேரத்தில் கண்ணாடி இலை (கதிருக்கு அடியில் கடைசியாக வரும் இலை) விளக்கில் முட்டி நுனி கருகிப் போனது. விற்பனைப் பிரதிநிதியைக் கேட்டால், "எல்லா யூனிவர்சிட்டியிலும் இப்படித்தான் சார் போட்டிருக்கோம்" என்றார்.

வெளிச்சத்திலும் இதே கதைதான். பிரசுரத்தில் 1000 மைக்ரோமோல் (ஒரு சதுர மீட்டரில் ஒரு வினாடிக்கு விழும், செடிக்குப் பயன்படும் ஒளியின் அளவு) என்று கொட்டை எழுத்தில் இருக்கும், அது விளக்குக்கு 15 சென்டிமீட்டர் கீழே அளந்தது என்பது கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். தொட்டி மட்டத்தில் எங்கள் மீட்டர் காட்டியது 300கூட இல்லை. உச்சி வெயிலில் வயலில் 2000 வரை போகும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். விளக்கு மேலும் கீழும் நகராத அறையில் நாற்று இருட்டில் நோஞ்சானாக இழுத்துக்கொண்டு வளரும், அதே செடி கதிர் விடும்போது விளக்குச் சூட்டில் வேகும்.

எனக்கு உண்மையிலேயே ஆத்திரம் வந்தது வெப்பநிலை விஷயத்தில்தான். சென்சாரை அடியில், குளிர்காற்று நுழைகிற இடத்துக்குப் பக்கத்தில் பதித்திருக்கிறார்கள். டிஸ்பிளே 38 டிகிரி காட்டும்போது, கதிர் மட்டத்தில் நாங்கள் கட்டிய தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் கம்பி) 42 காட்டியது. சோளத்தில் பூ எடுக்கும் சமயத்திலும் அதற்குக் கொஞ்சம் முன்னாலும் 36 டிகிரியை ஒட்டியே மணி பிடிப்பது குறைய ஆரம்பித்துவிடும், அதனால் இந்த 4 டிகிரி ஆராய்ச்சியையே மாற்றிவிடும். வெப்பம் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. 38 டிகிரி, 60 சதவீத ஈரப்பதத்தில் காற்றின் ஆவியழுத்தப் பற்றாக்குறை, அதாவது காற்று செடியிலிருந்து நீரை எவ்வளவு வேகமாக இழுக்கும் என்பதைக் காட்டும் அளவு, சுமார் 2.7 கிலோபாஸ்கல். அதே காற்று 42க்குச் சூடானால் அது 4.2 ஆகிவிடும். வெப்பத்தைச் சோதிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே பாதி வறட்சிச் சோதனையும் சேர்ந்து நடக்கிறது.

புகார் செய்ததும் ஒரு சர்வீஸ் இன்ஜினியர் வந்தார். கன்ட்ரோலர் மெனுவைத் திறந்தார், ஆஃப்செட்டில் (சென்சார் அளவோடு கூட்டிக் காட்டும் திருத்தம்) 4 என்று போட்டார், டிஸ்பிளேயும் தெர்மோகப்பிளும் ஒன்றாகிவிட்டன, "ரெடி சார்" என்று சர்வீஸ் ரிப்போர்ட்டை நீட்டினார். அதன் பிறகு 38 வைத்தால் கதிருக்கு 38 வந்தது, கீழ் இலைகள் 34ல் நின்றன. மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசம் அப்படியே இருக்கிறது. அதைச் சரிசெய்ய காற்றோட்டத்தை மாற்ற வேண்டும், வேறு மின்விசிறி வேண்டும், அதற்குத் தனி கொட்டேஷன் தருகிறார்கள்! ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டோம்.

நிறுவிய சமயத்தில் செய்துகாட்டிய சோதனை ஓட்டம் செடியே இல்லாத காலி அறையில், பாதி விளக்கில். நெருக்கமாகச் செடி வைத்தால் அவை விடும் நீராவியே ஈரப்பதத்தை ஏற்றிவிடும், 40 சதவீதத்துக்கு இறக்க இந்த இயந்திரத்தால் முடியவில்லை. மே மாதத்தில் கம்ப்ரஸர் அடிக்கடி டிரிப் ஆவது தனி. ஆர்.ஓ. யூனிட்டும் கொடுக்கவில்லை, போர் தண்ணீரை ஹியூமிடிஃபையரில் விட்டால் இலை முழுக்க வெள்ளையாக உப்பு படிகிறது.

வாங்கப் போகிறவர்கள் டெண்டரில் "உள் உயரம்" என்று எழுதாதீர்கள், தொட்டியின் விளிம்பிலிருந்து விளக்குத் தடுப்பு வரை இத்தனை மீட்டர் என்று எழுதுங்கள். வெளிச்சமும் வெப்பமும் செடியின் உச்சி மட்டத்தில் அளந்து காட்டப்பட வேண்டும் என்று போடுங்கள். வட அமெரிக்காவில் இந்த மாதிரி கட்டுப்படுத்திய சூழல் அறைகளைப் பற்றி ஆராயும் என்.சி.இ.ஆர்.ஏ.-101 குழு வெளியிட்ட வழிகாட்டுதல்களும் இதைத்தான் சொல்கின்றன, அதை மேற்கோள் காட்டினால் கம்பெனிக்காரர்களால் மறுத்துப் பேச முடியாது. சோதனை ஓட்டம் வளர்ந்த செடிகளோடு, முழு விளக்கில், கோடையில் நடக்கட்டும். மார்ச் 31க்குள் பில் பாஸ் ஆக வேண்டும் என்று ஸ்டோர்ஸ் பக்கமிருந்து அவசரப்படுத்துவார்கள், அந்த நெருக்கடியை நம்பித்தான் இந்த ஆட்கள் பிப்ரவரி கடைசியில் பொருளை இறக்குகிறார்கள். எங்கள் கையில் இப்போது மிச்சமிருக்கும் ஒரே பிடி வங்கி உத்தரவாதம்தான், அதை விடுவிக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். திருத்தி எழுதிய டெண்டர் வாசகங்கள் வேண்டுமென்றால் கமென்டில் சொல்லுங்கள், அனுப்பி வைக்கிறேன்.