உழைப்பாளர் எத்தனை கோடி? பி.எல்.எஃப்.எஸ். 2023-24 ஆண்டறிக்கை: ஒரு மதிப்புரை

இந்தியாவில் உழைப்பாளர் எத்தனை கோடிப் பேர் என்று என்னிடம் பொருளியல் படிக்கும் போட்டித் தேர்வு மாணவர் ஒருவர் கேட்டார். ஒரே வரியில் விடை சொல்லிவிடலாம் என்ற துணிவில், தேசியப் புள்ளியியல் அலுவலகம் வெளியிட்ட காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின் (பி.எல்.எஃப்.எஸ்.) 2023-24 ஆண்டறிக்கையைத் தரவிறக்கினேன். பல நூறு பக்கம் நீளும் அறிக்கை, கட்டணம் இல்லை. ஆனால் அதில் முதன்மையாக இருப்பவை விகிதங்களே. கோடிக் கணக்கை நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் வேலையில் இருப்போரும், வேலை தேடுவோரும், கிடைத்தால் செய்ய ஆயத்தமாக இருப்போரும் சேர்ந்ததே உழைப்பாளர் படை. அது 60.1 சதவீதம். வேலையின்மை 3.2 சதவீதம் என்பது மக்கள்தொகையில் அன்று, இந்தப் படைக்குள் மட்டும். ஆயிரம் பேரில் 601 பேர் படையில் இருந்தால், வேலையில்லாதவர் ஏறத்தாழ 19 பேர்தான். 32 பேர் அல்லர். மாணவர்களில் பாதிப் பேர் சறுக்குமிடம் இது.

கோடிக்கு வர வேண்டுமானால் இந்த 60.1 சதவீதத்தை 15 வயதுக்கு மேற்பட்டோரின் தொகையால் பெருக்க வேண்டும். கடைசியாக முடிந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011-இல் நடந்ததால், அதை வைத்து 2036 வரை போடப்பட்ட கணிப்பையே நாட வேண்டியிருக்கிறது. விகிதம் புதிது, தலைக்கணக்கு பழையது என்ற இந்தப் பொருத்தமின்மைக்கு அறிக்கையைக் குறை சொல்ல முடியாது.

என்னைக் கட்டிப்போட்டது வரையறைப் பகுதிதான். ஆண்டின் பெரும்பகுதி உழைப்பாளர் படைக்கு வெளியே இருந்தாலும், 30 நாளுக்குக் குறையாமல் ஏதேனும் வேலை செய்தவர் முந்தைய ஓராண்டைப் பார்க்கும் ‘வழக்கமான நிலை’க் கணக்கில் உழைப்பாளராகிவிடுகிறார். குடும்பத்தின் டீக்கடையில் சம்பளமின்றிக் கைகொடுக்கும் மருமகளுக்கு, யார் என்ன செய்கிறார் என்பதைக் குறிக்கும் கணக்கெடுப்புக் குறியீடு 21. அவர் படைக்குள் இருக்கிறார். வீட்டு வேலையோடு விறகு பொறுக்கி, வீட்டாருக்குத் துணி தைத்துத் தருபவருக்கு 93, அவர் வெளியே. இருவரில் யார் அதிகம் களைத்துப்போகிறார் என்று எந்த அட்டவணையும் கேட்பதில்லை. பெண்களின் பங்கேற்பு 2017-18-இல் 23.3 சதவீதமாக இருந்து 2023-24-இல் 41.7 ஆனதைப் படிக்கும்போது, சுயதொழிலிலும் சம்பளமில்லாக் குடும்ப உழைப்பிலும் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்ற அட்டவணையையும் புரட்டிப் பார்ப்பது நல்லது.

தலைப்புச் செய்திக்கு வரும் 3.2 சதவீதம் வழக்கமான நிலைக்குரியது. முந்தைய ஏழு நாளில் ஒரு மணி நேரமாவது வேலை செய்தாரா என்று பார்க்கும் வாராந்திர நிலையில், அதே ஆண்டுக்கு அது 4.9 சதவீதம். 2025-இல் தொடங்கிய மாத அறிக்கைகள் இந்த வாராந்திர அளவையே பின்பற்றுகின்றன. 2025 ஏப்ரலின் 5.1 சதவீதத்தை 3.2-க்குப் பக்கத்தில் வைத்து, வேலையின்மை ஒரே பாய்ச்சலில் ஏறிவிட்டது என்று எழுதிய விடைத்தாளுக்கு நான் மதிப்பெண் போடவில்லை.