முல்தானி மிட்டியோடு ஆறு வருஷம்: தில்லியிலிருந்து என் அனுபவம்

தில்லிக்கு வந்த முதல் ஜூன் மாதமே கழுத்து, முதுகெல்லாம் வேர்க்குரு. மயூர் விஹாரில் எங்கள் எதிர்வீட்டு ஆன்ட்டி முல்தானி மிட்டி என்ற களிமண்ணைப் பன்னீரில் குழைத்துக் கொடுத்தார். அன்று ஆரம்பித்தது, ஆறு வருஷம் ஆகிவிட்டது.

பழைய தில்லியின் மசாலாச் சந்தையான காரி பாவ்லியில் கட்டியாகவே வாங்குவேன். உள்ளங்கை அளவுக் கட்டி, மங்கின மஞ்சள் நிறம். தண்ணீரில் போட்டால் குமிழி விட்டு, ஓரம் ஓரமாக உதிர்ந்து தானே கூழாகிவிடும். கிளம்பும் மண்வாசனை அவ்வளவு பிடிக்கும். பெயர் பாகிஸ்தானிலுள்ள முல்தான் நகரத்துடையது என்றாலும், ராஜஸ்தானில் பார்மேர், பிகானேர் பக்கமும் இந்த மண்ணை வெட்டி எடுக்கிறார்கள்.

எண்ணெய் வழியும் நெற்றிக்கும் மூக்குக்கும் இது நன்றாகவே கேட்கிறது. களிமண்ணின் குணமே எண்ணெயை உறிஞ்சுவதுதான். அதே குணம் டிசம்பரில் என்னைப் படுத்திவிட்டது. முழுக்கக் காயட்டும் என்று விட்டேன். கன்னம் வறண்டு, தோல் உரிந்து, ஒரு வாரம் எரிச்சல். இப்போதெல்லாம் பூச்சின் ஓரம் வெளுக்க ஆரம்பித்ததும் கழுவிவிடுகிறேன். வாரம் ஒரு தடவை, அதுவும் கோடையில் மட்டும்.

மகள் பிறந்தபிறகுதான் வேறு கேள்வி வந்தது. அவளுக்கும் வேர்க்குரு. அம்மா போனில், "குழந்தைக்குப் பூசாதேடி, கையை வாயில் வைக்கும்" என்றாள். அம்மா சொன்னது சரிதான். மண்ணில் ஈயம், அதாவது காரீயம் என்கிற நச்சு உலோகம், இயற்கையாகவே கலந்திருக்கலாம். யாரும் கலப்படம் செய்ய வேண்டியதில்லை. 2016-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பெண்டோனைட் என்ற, முல்தானி மிட்டி போன்ற களிமண்ணில் செய்த இரண்டு பொருட்களை ஈயத்துக்காகவே பயன்படுத்த வேண்டாம் என எச்சரித்தது. வெளிப்பூச்சுப் பொருட்களில் பத்து லட்சத்துக்கு 10 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்பது அவர்கள் பரிந்துரை. காயமில்லாத தோல் வழியே ஈயம் உள்ளே போவது மிகக் குறைவு. விழுங்கினால்தான் ஆபத்து, குழந்தைகளுக்கு இன்னும் அதிகம். கர்ப்பமாக இருக்கும்போது மண் தின்ன ஆசை வருகிறவர்களுக்கும் இதையே சொல்வேன், தயவுசெய்து வேண்டாம்.

ஆன்லைனில் விற்கும் இரண்டு பேரிடம் ஈயப் பரிசோதனை அறிக்கை கேட்டேன். ஒருவர் அனுப்பினார். இன்னொருவர், "இயற்கையானது மேடம், பயமே வேண்டாம்" என்று முடித்துக்கொண்டார். எனக்குக் கோபமே வந்தது. ஈயமும் இயற்கைதானே? அப்புறம் உரிம எண், பேட்ச் எண் அச்சிட்ட பாக்கெட்டுக்கு மாறிவிட்டேன். காரி பாவ்லிக் கட்டியை விட்டதில் வருத்தம்தான்.

அந்தக் கட்டியை முன்பெல்லாம் மிக்ஸியில் அரைப்பேன். மூடியைத் திறந்தால் சமையலறை முழுக்கப் புகைபோலத் தூசி பறக்கும். அதில் குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் நுண்துகள் இருக்கலாம், நுரையீரலுக்கு ஆகாது. இப்போது பொடியையும் மெதுவாகத் தண்ணீருக்குள் சரித்துத்தான் குழைக்கிறேன். கீறல், உடைந்த பரு இருக்கும் இடத்தில் தொடுவதே இல்லை.

போன ஜூனில் மகளுக்கு மறுபடி வேர்க்குரு வந்தது. தண்ணீரில் நனைத்த பருத்தித் துணியால் ஒற்றியெடுத்து, கூலர் முன்னால் படுக்க வைத்தேன். மூன்றாம் நாள் அடங்கிவிட்டது.