ஹார்னிமனா, பிட் ரிவர்ஸா?

லண்டனுக்குப் போய் பிரிட்டிஷ் மியூசியத்தையும் பார்த்தாயிற்று, கையில் இன்னும் ஒரு நாள் இருக்கிறது என்றால் இந்தக் கேள்வி வரும். தெற்கு லண்டனில் ஹார்னிமன் அருங்காட்சியகம். ரயிலில் ஒரு மணி நேரம் போனால் ஆக்ஸ்போர்டில் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகம். இரண்டிலும் உலகத்து மக்களின் பொருட்கள், இரண்டுக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. பொருட்களை அடுக்கியிருக்கும் விதத்தில்தான் ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசம்.

பிட் ரிவர்ஸ் கிட்டத்தட்ட பாத்திரக்கடை மாதிரி. எந்த ஊர்ப் பொருள் என்பது அங்கே இரண்டாம்பட்சம். இசைக்கருவிகள் ஓரிடம், முகமூடிகள் ஓரிடம், ஆயுதங்கள் மாடியில். 1884-ல் பிட் ரிவர்ஸ் என்ற ராணுவ அதிகாரி தன் சேகரிப்பை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தபோது போட்ட ஒழுங்கு இது. இன்று சேகரிப்பில் ஐந்து லட்சத்துக்கும் மேல் பொருட்கள். முன்னால் இருக்கும் ஆக்ஸ்போர்டு இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் டைனோசர் எலும்புகளைத் தாண்டி உள்ளே நுழைந்தால் மங்கலான வெளிச்சம், நெருக்கியடித்த கண்ணாடிப் பெட்டிகள், பொடி எழுத்தில் கையால் எழுதிய சீட்டுகள். அங்கே வெள்ளி பூசிய சின்னக் கண்ணாடி பாட்டில் ஒன்று இருக்கிறது. உள்ளே ஒரு சூனியக்காரி இருக்கிறாள், வெளியே விட்டால் தொல்லைதான் என்று சொல்லி, 1915 வாக்கில் இங்கிலாந்தின் ஹோவ் என்ற ஊருக்கு அருகே ஒரு கிராமத்துப் பாட்டி கொடுத்தது. பில்லி சூனியமெல்லாம் நம் ஊர்ச் சொத்து என்று நினைத்திருந்தவர்கள் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நிற்கலாம்.

ஆனால் அந்த அடுக்குக்குப் பின்னால் ஒரு திமிரும் உண்டு. எளியதிலிருந்து சிக்கலானதுக்கு மனிதன் படிப்படியாக ஏறினான், உச்சிப்படியில் ஐரோப்பியன் என்பதுதான் அதன் கணக்கு. பார்வையாளர்கள் தேடிவந்த சுருக்கிய மனிதத் தலைகளை 2020-ல் காட்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். கூட்டம் குறையுமே என்று பார்க்காமல் செய்தது சரியான காரியம். வேறு நாடுகளிலிருந்து வந்த அகதிகளைத் தன்னார்வலர்களாகச் சேர்த்து, அவர்களையே பொருட்களைப் பற்றிப் பேசவைக்கும் முல்தகா திட்டமும் நல்ல முயற்சி.

ஹார்னிமன் ஒரு தேயிலை வியாபாரியின் ஆசை. 1901-ல் கட்டடம் திறந்தது. 2018-ல் வந்த உலகக் கூடத்தில் 3,000-க்கும் மேற்பட்ட பொருட்கள். இங்கே மக்கள்தான் முதலில், பொருள் அப்புறம். விளக்கமும் வெளிச்சமும் தாராளம். தொட்டுப் பார்க்கவென்றே ஒதுக்கிய பொருட்களும் உண்டு. குழந்தைகள் சலித்துப் போனால் ஓடியாட 16 ஏக்கர் தோட்டம். ஆளை அசத்தும் குண்டு வால்ரஸும் (நீண்ட தந்தங்கள் உள்ள கடல் விலங்கு) இங்கேதான்: தோலில் சுருக்கம் இருக்க வேண்டும் என்று தெரியாமல் பஞ்சடைத்தவர்கள் புடைக்கப் புடைக்க அடைத்துவிட்டார்கள். அது இருக்கும் கூடம் 2024-ல் புதுப்பிக்க மூடப்பட்டது. போகும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஹார்னிமன் மேல் எனக்கு மரியாதை கூடியது வேறு காரணத்தால். 1897-ல் பிரிட்டிஷ் படை இன்றைய நைஜீரியாவிலுள்ள பெனின் நகரைச் சூறையாடியபோது கொள்ளை போன பொருட்களில் 72-இன் உரிமையை 2022 நவம்பரில் நைஜீரியாவுக்கே எழுதிக் கொடுத்தார்கள். ஆறு பொருட்கள் அப்போதே கைமாறின.

குழந்தைகளோடு என்றால் யோசிக்காமல் ஹார்னிமன். தனியாக, அவசரமில்லாமல் என்றால் நான் ஆக்ஸ்போர்டுக்குத்தான் ரயில் ஏறுவேன். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், அந்தச் சீட்டுகளை வெறும் கண்ணால் படிப்பது கஷ்டம்.