ஹைஸ்கூல் பிள்ளைகளுக்கு வேதபாடம்: பைபிள் ப்ராஜெக்ட் கிளாஸ்ரூம் எப்படி?

டெக்சாஸில் ஹோம்ஸ்கூல் செய்யும், அதாவது பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் நடத்தும், நம் சபைக் குடும்பங்களில் யாராவது ஒருவர் ஹைஸ்கூல் பிள்ளைக்கு எந்த வேதபாடம் எடுப்பது என்று மாதாமாதம் கேட்டுவிடுகிறார்கள், அதனால் ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். சின்னப் பிள்ளைகளுக்கு வேதபாடம் வாங்குவதில் கஷ்டமே இல்லை. ஒன்பதாம் வகுப்பு வந்தால்தான் தலைவலி. தாவீது கோலியாத் கதை கேட்டுக் கேட்டுப் புளித்துப்போயிருக்கும், மனப்பாட வசனமும் கடகடவென்று ஒப்பிப்பார்கள், ஆனால் ஓசியா எதைப் பற்றிய புத்தகம் என்று கேட்டால் திருதிருவென முழிப்பார்கள்.

நாங்கள் முதலில் வாங்கியது ஒரு பதிப்பகத்தின் முழு செட், பெயர் வேண்டாம். வழவழப்பான அட்டை, நாள்வாரி அட்டவணை, டீச்சர் புத்தகம், விடைப் புத்தகம் எல்லாம் உண்டு. உள்ளே பார்த்தால் முக்கால்வாசி 'கோடிட்ட இடத்தை நிரப்புக'. சவுலுக்குப் பிறகு ராஜாவானவர் யார் என்று பதினாறு வயதுப் பிள்ளையிடம் கேட்கிறார்கள்! என் மகள் அதிகாரத்தைத் திறக்காமலே, கோட்டின் நீளத்தைப் பார்த்தே விடையை ஊகிக்கப் பழகிவிட்டாள். பணம் போனது ஒரு பக்கம், வேதத்தைப் படிப்பதென்றாலே இதுதான் என்று அவள் நினைத்துவிடுவாளோ என்பதுதான் எனக்குப் பயம்.

அதற்குப் பிறகு வந்ததுதான் பைபிள் ப்ராஜெக்ட். ஆரெகன் மாநிலம் போர்ட்லாந்தில் டிம் மேக்கியும் ஜான் காலின்ஸும் 2014இல் ஆரம்பித்தது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஐந்து முதல் பத்து நிமிட அனிமேஷன் வீடியோ போடுவார்களே, அவர்கள்தான். அந்த வீடியோக்கள் தமிழிலும் வருகின்றன, ஊரில் மாமியார்கூடப் பார்க்கிறார். ஆனால் நான் சொல்ல வந்தது வீடியோவை அல்ல, கிளாஸ்ரூம் என்ற பெயரில் அவர்கள் இலவசமாகத் தரும் வகுப்புகளை. நிஜ மாணவர்களை உட்காரவைத்து மேக்கி நடத்தும் பாடங்களை அப்படியே பதிவுசெய்து, நோட்ஸையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். மனிதர் எபிரெய வேதாகமத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர், ஆனாலும் பேச்சில் அந்தக் கனம் தெரியாது.

யோனாவில் தொடங்குங்கள். மொத்தமே நான்கு அதிகாரம், பிள்ளைகள் பயப்படமாட்டார்கள். மீன் வயிற்றோடு நமக்கெல்லாம் கதை முடிந்துவிடும், இல்லையா? இந்த வகுப்பைக் கேட்டுக்கொண்டே மெதுவாகப் படித்தால் வேறு கதை தெரிகிறது. புயலில் அந்நிய மாலுமிகள் அவரவர் தெய்வத்தைக் கூப்பிட்டுக் கதறுகிறார்கள், தீர்க்கதரிசி கப்பலின் அடித்தட்டில் தூங்குகிறார், அவரை எழுப்பி 'எழுந்து ஜெபம் பண்ணு' என்று சொல்வதே அந்நியனான கப்பல் தலைவன். நினிவேயிலோ மாடுகூட உபவாசம் இருந்து, துக்கத்துக்குப் போடும் சாக்குத்துணியான இரட்டு உடுத்துகிறது. ஊர் தப்பித்ததும் கோபப்படுகிற ஒரே ஆள் யோனா. கடைசி வசனத்தில் கடவுள் ஒரு கேள்வி கேட்கிறார், அத்தோடு புத்தகம் முடிந்துவிடுகிறது. "அம்மா, அப்போ யோனா என்னதான் பதில் சொன்னார்?" என்று ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகன் அடுத்த பக்கத்தைப் புரட்டிப் பார்த்தான், அங்கே மீகா ஆரம்பித்திருந்தது. அக்காவும் தம்பியும் அன்று சாப்பாட்டு மேசையில் போட்ட சண்டையை எந்த ஒர்க்புக்கும் கிளப்பியிருக்காது.

சரி, குறைகளுக்கு வருவோம். முதலாவது, மதிப்பெண், கிரெடிட் (ஒரு பாடத்தை முடித்ததற்குத் தரும் அலகு) கணக்கு எல்லாம் நம் தலையில்தான். டெக்சாஸ் சட்டம் ஹோம்ஸ்கூலுக்கு வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணிதம், நற்குடிமை என்ற ஐந்தைத்தான் கேட்கிறது. வேதபாடத்தை டிரான்ஸ்கிரிப்ட் என்ற மதிப்பெண் பட்டியலில் விருப்பப்பாடமாக நாமே போட்டுக்கொள்ளலாம், ஆனால் ஒரு கிரெடிட் என்றால் பொதுவாக 120 மணி நேரமாவது வேண்டும், வகுப்பை மட்டும் பார்த்தால் அது வராது. அதனால் ஒவ்வொரு பாடத்துக்கும் முன்னால் பகுதியை அச்செடுத்துக் கொடுத்து, திரும்பத் திரும்ப வருவதையெல்லாம் கலர் பென்சிலால் வட்டமிடச் சொல்கிறேன், முடிந்ததும் ஒரு பக்கக் கட்டுரை. இதைச் செய்யாவிட்டால் பிள்ளைகள் சோபாவில் சாய்ந்து சினிமா பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

இரண்டாவதுதான் பெரியது. ஆதியாகமம் முதல் அதிகாரத்தை இவர்கள் அந்தக் கால மத்திய கிழக்கு மக்களின் கண்ணால் படிக்கிறார்கள், மேலே நீர், கீழே நீர், நடுவில் ஆகாயவிரிவு என்று. பூமியின் வயதைக் கணக்குப் போடுவதில் இறங்குவதில்லை. எனக்கு இது பிடித்திருக்கிறது. ஆனால் ஆறு நாளும் 24 மணி நேர நாள்தான் என்று உறுதியாகப் போதிக்கிற சபை உங்களுடையது என்றால், பிள்ளைகளுக்குப் போடும் முன் நீங்கள் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது, போதகரிடம் பிறகு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

விசுவாசத்துக்குக் காரணம் சொல்லத் தெரியவேண்டும், கல்லூரியில் தடுமாறக்கூடாது என்று கவலைப்படுபவர்களுக்கு இது போதாது. அவர்கள் பெரும்பாலும் சம்மிட் மினிஸ்ட்ரீஸ் என்ற கிறிஸ்தவ அமைப்பின் 'அண்டர்ஸ்டாண்டிங் த டைம்ஸ்' பக்கம் போகிறார்கள். கிறிஸ்தவம், இஸ்லாம், மதச்சார்பின்மை, மார்க்சியம், பின்நவீனத்துவம், புதிய ஆன்மிகம் என்று ஆறு உலகப்பார்வைகளை ஒப்பிடும் தடிமனான புத்தகம். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பொருந்தும். ஆனால் நம் பிள்ளைகளின் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் இந்துக்கள், அந்தப் பட்டியலில் இந்து சமயத்துக்குத் தனி இடம் இல்லை. அதை நாம்தான் உட்கார்ந்து, மரியாதையோடு, பேசியாக வேண்டும்.

என் யோசனை இதுதான்: ஒன்பது, பத்தாம் வகுப்பில் கிளாஸ்ரூம், கடைசி வருடத்தில் வேண்டுமானால் மற்றது. வகுப்புகள் ஆங்கிலத்தில்தான், கணக்கு மட்டும் திறக்க வேண்டும், காசு கிடையாது. பிள்ளைகளோடு நீங்களும் உட்கார முடியாது என்றால் மட்டும் இதை எடுக்காதீர்கள், அப்புறம் அந்த ஒர்க்புக்கே தேவலை.