வளவு வீட்டுக்கு ஏற்ற 3டி: பாதிப் படமா, முழுப் படமா?

3டி டிவி ஏன் வீடுகளில் நிலைக்கவில்லை என்று கேட்டால், எல்லாரும் கண்ணாடியைத்தான் கைகாட்டுவார்கள். சாம்சங் 2016இலும், எல்ஜியும் சோனியும் 2017இலும் அந்த டிவிகளை நிறுத்தின. கண்ணாடிக்கும் அதில் பங்குண்டு. ஆனால் வீட்டுக்குள் எந்த வடிவத்தில் படத்தை அனுப்பினார்கள் என்பதை யாரும் பேசுவதில்லை. இப்போது செல்போன் வழியாக 3டி வீடியோ திரும்ப வந்திருப்பதால், அந்தப் பழைய வடிவப் போட்டியை, நடுவில் திறந்த முற்றமுள்ள நம் செட்டிநாட்டு வளவு வீடுகளை மனதில் வைத்து ஒரு தடவை அலசுவது நல்லது.

2008இல் எஸ்எம்பிடிஇ என்ற அமெரிக்கத் தரநிலை அமைப்பு, வீட்டு 3டிக்காக ஒரு குழு போட்டது. வீட்டுக்கான மூலப்பிரதியில் ஒவ்வொரு கண்ணுக்கும் 1920×1080 முழுப் படம், நொடிக்கு 60 பிரேம் இருக்க வேண்டும் என்பது அவர்கள் பரிந்துரை. குறி சரிதான். வழியில்தான் ஆள் ஆளுக்குப் பிரிந்தார்கள்.

சேனல்கள் பிடித்தது பாதிப் பட வழி. இடது கண் படத்தையும் வலது கண் படத்தையும் நெருக்கி, ஒரே பிரேமில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. ஒரு கண்ணுக்கு 1920 புள்ளி அகலம் 960 ஆகிவிடும். மேலும் கீழுமாக அடுக்கினால் 1080 வரி 540 ஆகும்; அதையே 1080i ஒளிபரப்பில், அதாவது ஒரு பிரேமின் வரிகளை ஒன்று விட்டு ஒன்றாக இரண்டு தவணையில் (ஃபீல்டு) அனுப்பும் முறையில் செய்தால், ஒரு ஃபீல்டில் கண்ணுக்கு 270 வரிதான் மிஞ்சும். அதனால்தான் 1080i சேனல்கள் பக்கவாட்டு முறைக்குப் போயின. இருக்கிற செட்டாப் பாக்ஸ், இருக்கிற அலைவரிசை, எதையும் மாற்ற வேண்டாம். 2011இல் ஐரோப்பாவின் டிவிபி என்ற ஒளிபரப்புத் தரநிலை அமைப்பு வெளியிட்ட முதல் கட்டத் தரநிலையும் இந்த வழிதான்.

சேனலுக்கு மிச்சம், சரி. பார்க்கிறவருக்கு? பழைய டிவியில் அந்தச் சேனலைப் போட்டால், ஒடுங்கிய முகங்கள் இரண்டிரண்டாகத் தெரியும். புது டிவி வாங்காதவருக்கு அங்கே ஒன்றுமே இல்லை. என் கணக்கில் இந்த ஒரு குறையே போதும், அந்த வழியை ஒதுக்க.

எதிர்ப்பக்கம் ப்ளூரே 3டி. 2009 டிசம்பரில் முடிவான அந்தத் தரநிலை எம்விசி என்ற முறையில் நிற்கிறது. ஒரு கண்ணின் படம் சாதாரண 2டி படமாகவே முழுசாக இருக்கும். இன்னொரு கண்ணுக்கு, முதல் படத்திலிருந்து மாறுகிற விஷயங்களை மட்டும் தனியாகச் சேர்ப்பார்கள். இரண்டு முழுப் படம் வந்தும், 2டியைவிடச் சுமார் 50 சதவீதம்தான் கூடுதல் இடம் பிடிக்கும். பழைய பிளேயர் அந்தக் கூடுதலைக் கண்டுகொள்ளாமல் முதல் படத்தை மட்டும் ஓட்டிவிடும். பிளேயரிலிருந்து டிவிக்குக் கொண்டுபோக, எச்டிஎம்ஐ 1.4 என்ற கேபிள் தரநிலையில் 2205 வரி உயரமுள்ள ஒரு நெடிய பிரேம் வகுத்தார்கள்: 1080 வரி இடதுக்கு, 45 வரி வெற்றிடம், 1080 வரி வலதுக்கு. ஒரு புள்ளிகூட நசுங்குவதில்லை.

மூன்றாவது, ஒரு 2டி படமும் அதோடு ஒவ்வொரு புள்ளியின் தூரத்தைச் சொல்லும் ஆழப்படமும். பிலிப்ஸ் கண்ணாடியில்லாத திரைகளுக்காக இதை முன்வைத்தது. கானாடுகாத்தான் வீடு ஒன்றில் தேக்குத் தூண் வரிசையை இப்படி எடுத்தால் சிக்கல் புரிந்துவிடும். கண் கொஞ்சம் நகர்ந்தால் தூணுக்குப் பின்னால் நிற்கிறவர் தெரிய வேண்டும்; அவர்தான் படத்திலேயே இல்லையே! கருவி ஊகித்து நிரப்பும், தூணின் ஓரம் பிசிறடிக்கும். வீட்டு விசேஷத்துக்கு இது ஆகாது.

அப்புறம் கண்ணாடி. ஷட்டர் கண்ணாடி இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றி மூடுகிறது. முழு 1080 வரியும் கிடைக்கும், ஆனால் படம் இருட்டும். மேலே திறந்த வளவை ஒட்டிய பட்டாலைத் திண்ணையில், பகல் வெளிச்சத்தில் அதைப் போட்டுப் பார்ப்பது கஷ்டம். ராத்திரியில் சோக் போட்ட டியூப்லைட் நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் நொடிக்கு 100 முறை துடிக்கும், கண்ணாடி 60 முறை மூடித் திறக்கும். இரண்டும் ஒத்துப்போகாமல் அறையே மினுக்கும். முன்னோர் படைப்புக்குப் பங்காளிகள் மொத்தமும் கூடுகிற வீட்டில் அத்தனை பேருக்கும் சார்ஜ் போட்ட கண்ணாடிக்கு எங்கே போவது? போதாததற்கு, ஆரம்பத்தில் ஒரு கம்பெனிக் கண்ணாடி இன்னொரு கம்பெனி டிவிக்குச் சேராது. 2011இல்தான் பானாசோனிக், சாம்சங், சோனி, எக்ஸ்பாண்ட் ஆகியவை பொதுத் தரநிலைக்குக் கைகோத்தன.

தியேட்டர் மாதிரி போலரைஸ்டு கண்ணாடி மலிவு, லேசு. எத்தனை பேருக்கும் கொடுக்கலாம். அதற்குக் கொடுக்கும் விலை என்னவென்றால், திரைமேல் ஒட்டிய படலம் வரிகளை ஒன்று விட்டு ஒன்றாக இரண்டு கண்ணுக்கும் பிரிப்பதால், கண்ணுக்கு 540 வரிதான். பக்கவாட்டுச் சேனலை இந்த டிவியில் பார்த்தால் அகலமும் பாதி, உயரமும் பாதி. 960×540, அதாவது கால் படம். மேல்கீழ் அடுக்கு இதற்கு எவ்வளவோ பொருத்தம். இன்னொரு விஷயம், சுவரில் உயரத்தில் டிவியை மாட்டிவிட்டுத் தரையில் பாய் விரித்து உட்கார்ந்தால், அந்தப் படலத்தின் வரிகளும் திரையின் புள்ளி வரிகளும் விலகி உருவம் இரட்டிக்கும். உட்காருகிறவரின் கண் உயரத்துக்கு இறக்கி வைத்தால் தீர்ந்தது. கூட்டம் கூடுகிற வீட்டுக்கு நான் இதையே சொல்வேன்.

திரையில் இடது படமும் வலது படமும் எவ்வளவு விலகுகின்றன என்பதில்தான் ஆழம் இருக்கிறது; அந்த அளவும் தரநிலையில் வர வேண்டிய ஒன்று. நம் இரு கண்ணுக்கும் இடைவெளி சுமார் 6.5 செ.மீ. 12 மீட்டர் அகலத் தியேட்டர் திரையில் அந்த அளவுக்கு விலக்கிய படம், 93 செ.மீ. அகல 42 இஞ்ச் டிவியில் வெறும் 5 மி.மீ. விலகும், ஆழம் சப்பென்று ஆகிவிடும். டிவிக்கென்று விலக்கியதைப் பெரிய திரையில் போட்டால் கண் வெளிப்பக்கம் இழுபடும், வலிக்கும். வீட்டுக்கென்று தனி மூலப்பிரதி தேவைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஐபோன் 15 புரோ 2023 கடைசியில் கொண்டுவந்த 3டி வீடியோ, எம்விசியின் அடுத்த தலைமுறையான எம்வி-எச்இவிசியில் பதிவாகிறது. 3டி தெரியாத கருவியிலும் 2டியாக ஓடும். காரைக்குடிப் பக்கம் மணிவிழாவை 3டியில் எடுக்கிறவர்கள் இந்த வடிவத்திலோ, இரண்டு கண்ணுக்கும் இரண்டு முழுக் கோப்புகளாகவோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய 3டி டிவிக்குப் பக்கவாட்டுப் பிரதி வேண்டுமானால் அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பக்கவாட்டுப் பிரதியை மட்டும் வாங்கி வைத்தால், தொலைந்த பாதிப் புள்ளிகள் எந்தக் காலத்திலும் திரும்பி வராது.