மைஎஸ்கியூஎல் 5.7-ஐ அப்படியே கொண்டுபோவதா, 8.4-க்கு மாறுவதா?

பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாறும்போது எழும் கேள்வி இது. புது சர்வரில் உபுண்டு 22.04 இயங்குதளம், பழையதில் ஓடுவது மைஎஸ்கியூஎல் 5.7 என்ற டேட்டாபேஸ் மென்பொருள். அதை டாக்கர் கன்டெய்னருக்குள் (மென்பொருளைத் தனியாகப் பிரித்து ஓட்டும் பெட்டி போன்றது) வைத்து அப்படியே ஓட்டலாம். அப்ளிகேஷனில் பெரிதாக எதையும் தொட வேண்டாம். ஆனால் 5.7-க்கான ஆதரவு 2023 அக்டோபரோடு முடிந்துவிட்டது. இனி தெரியவரும் பாதுகாப்பு ஓட்டைகளை, அதை வெளியிடும் ஆரக்கிள் நிறுவனம் அடைத்துத் தராது.

8.4-க்கு மாறுவது உழைப்பு கேட்கும். இருக்கும் டேட்டா கோப்புகளோடு மேம்படுத்தினால் நேரடியாகத் தாவ முடியாது, நடுவில் 8.0-இல் இறங்கித்தான் ஏற வேண்டும். சிக்கல் அங்கேதான் தலைகாட்டும். அட்டவணையில் ‘ரேங்க்’ என்று ஒரு நெடுவரிசை (column) இருந்தால் கொயரி (டேட்டாபேஸுக்கு அனுப்பும் கட்டளை) உடையும், 8.0-இல் அது ஒதுக்கப்பட்ட சொல். ‘குரூப் பை’ (தரவைக் குழுவாக்கும் கட்டளை) போட்டாலே வரிசையாக வரும் என்று நம்பி எழுதிய அறிக்கைகள் கலைந்து வரும். வரிசைப்படுத்தும் ‘ஆர்டர் பை’யை நாமே சேர்க்க வேண்டும். அப்ளிகேஷனை டேட்டாபேஸோடு இணைக்கும் பழைய பிஹெச்பி டிரைவர்கள் புதிய கடவுச்சொல் முறை புரியாமல் இணைப்பிலேயே நின்றுவிடும். அப்புறம், கொயரியின் விடையைச் சேமித்து வைத்து மறுபடி தரும் கொயரி கேஷும் கிடையாது.

என்றாலும் நான் மாறத்தான் சொல்வேன். கன்டெய்னர் இரண்டு மூன்று மாத அவகாசத்துக்குச் சரி, அதுவும் இணையத்துக்கு போர்ட் திறக்காமல். மாறும் முன் முழு டம்ப் (டேட்டாபேஸின் நகல் கோப்பு) எடுத்து, வேறொரு கணினியில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள். 8.0-க்குப் போன டேட்டா கோப்புகளை 5.7 மறுபடி திறக்காது.