பயனர் கையேட்டுக்கு கன்ஃப்ளூயன்ஸ்: எழுத அருமை, வெளியிட சுமார்

அட்லாசியன் நிறுவனத்தின் கன்ஃப்ளூயன்ஸ் 2004-இல் வெளிவந்த அலுவலக விக்கி, அதாவது குழுவினர் சேர்ந்து பக்கங்களை எழுதித் திருத்தும் தளம். குழுவே அதில்தானே இருக்கிறது, வாடிக்கையாளருக்கான கையேட்டையும் அதிலேயே எழுதிவிட்டால் என்ன என்ற யோசனை எல்லா இடத்திலும் ஒருநாள் வரும். தாராளமாக எழுதலாம். ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு இறங்குங்கள்: ஒவ்வொரு பக்கமும் எத்தனை முறை மாறியது என்று அதற்குத் தெரியும்; உங்கள் மென்பொருள் எத்தனையாவது வெர்ஷனில் இருக்கிறது என்று தெரியாது.

எழுதித் திருத்துகிற வேலைக்கு இதைக் குறை சொல்ல முடியாது. டெவலப்பர் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து அங்கேயே கமென்ட் போடுவார், சரிசெய்ததும் மூடிவிடலாம். ஒரு பக்கத்தின் இரண்டு வெர்ஷன்களை ஒப்பிட்டு யார் எதை மாற்றினார் என்று பார்க்கலாம். ‘ஃபைனல்’, ‘ஃபைனல்-2’ என்று வேர்டு ஃபைல்களை மெயிலில் சுற்றவிட்டவர்களுக்கு இதுவே பெரிய விடுதலை.

கையேடு எழுதுபவர்களுக்கு உண்மையில் பிடித்துப்போவது எக்ஸெர்ப்ட் மேக்ரோ, அதாவது ஒரு பக்கத்தின் துண்டை மற்ற பக்கங்களிலும் காட்ட உதவும் வசதி. ‘அப்டேட் செய்யும் முன் பேக்அப் எடுக்கவும்’ என்ற எச்சரிக்கையை ஒரு பக்கத்தில் எழுதி, எக்ஸெர்ப்ட் இன்க்ளூட் வழியாக நாற்பது பக்கங்களில் காட்டலாம். மூலத்தில் ஒரு சொல்லைத் திருத்தினால் நாற்பதிலும் திருந்தும். ஆனால் மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் நடுவே அதைச் செருகிப் பாருங்கள்: எண் வரிசை அறுந்து அடுத்த படி மறுபடி 1-லிருந்து தொடங்கும் அபாயம் உண்டு. பொதுத் துண்டுகளைப் படிகளுக்கு மேலேயோ கீழேயோ வைப்பதே நல்லது. துண்டுக்குள் தலைப்பும் வேண்டாம். சேருமிடத்தின் தலைப்பு அடுக்கைக் குலைத்துவிடும்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. துண்டுகள் இருக்கும் பக்கத்தை யாரும் பார்க்க வேண்டாமே என்று நல்லெண்ணத்தில் பூட்டிவிடுவார்கள். அந்தப் பக்கத்தைப் பார்க்க அனுமதி இல்லாதவருக்கு, அது சேர்க்கப்பட்ட இடத்திலும் அந்தத் துண்டு தெரியாது. லாகின் செய்திருக்கும் எழுத்தாளருக்கோ எல்லாம் ஒழுங்காகத் தெரியும். வாடிக்கையாளர் கண்ணில் எச்சரிக்கையே இல்லாத கையேடு! வெளியிடும் முன் பிரைவேட் விண்டோவில், லாகின் இல்லாமல், ஒவ்வொரு பக்கத்தையும் ஒருமுறை திறந்து பார்ப்பது கட்டாயம்.

ஒரு ஸ்பேஸுக்குள் (பக்கங்களைத் தொகுத்து வைக்கும் தனிப் பகுதி) ஒரே தலைப்பில் இரண்டு பக்கங்கள் இருக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. ‘நிறுவுதல்’ ஒன்றுதான். அதனால் ‘நிறுவுதல் - விண்டோஸ்’, ‘நிறுவுதல் - லினக்ஸ்’ என்று வால் முளைக்கும். மென்பொருளின் 3-ஆம் வெர்ஷன் வந்தபின் 2-க்கான கையேடும் வேண்டுமென்றால், வெர்ஷனுக்கு ஒரு ஸ்பேஸ் வைப்பதே குறைந்த வலி. எந்தத் திசையில் நகலெடுக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நகலில் எல்லாப் பக்கங்களுக்கும் புதிய ஐடி (பக்கத்தின் அடையாள எண்) விழும். ஆகவே 3-ஐப் புதிய ஸ்பேஸில் தொடங்காதீர்கள். இப்போதைய நிலையை ‘வெர்ஷன் 2’ என்று நகலெடுத்து ஒதுக்கிவிட்டு, பழைய முகவரியிலேயே 3-ஐ எழுதுங்கள். வெளியே பரவிய லிங்க்குகள் எப்போதும் புதிய கையேட்டுக்கே வரும். நகலுக்குள் முழு முகவரியாக ஒட்டிய லிங்க்குகள் மட்டும் பழைய ஸ்பேஸையே காட்டிக்கொண்டிருக்கும். அவற்றைத் தேடித் திருத்த ஒரு பொழுது ஒதுக்குங்கள்.

மென்பொருளில் உள்ள ‘உதவி’ பட்டனுக்கு எந்த முகவரியைக் கொடுப்பது? சொந்த சர்வரில் ஓடும் டேட்டா சென்டர் பதிப்பில் தலைப்பே முகவரியில் இடம்பெறுவதுண்டு. தலைப்பை மாற்றினால் கன்ஃப்ளூயன்ஸுக்குள் இருக்கும் லிங்க்குகள் தாமாகத் திருந்தும், வெளியே உள்ளவை உடையும். பக்க ஐடி உள்ள முகவரியைக் கொடுத்தால் தப்பிக்கலாம். பக்கத்தை நீக்கிவிட்டுப் புதிதாக எழுதாதவரை அது மாறாது. இன்னும் உறுதியாக வேண்டுமென்றால் உங்கள் சொந்த டொமைனில் ஒரு ரீடைரக்ட் (வருபவரை வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு) வைத்து, பட்டனை அதற்குக் காட்டுங்கள். விக்கிப்பீடியா ஓடும் மென்பொருளான மீடியாவிக்கியில் பக்கத்தை நகர்த்தினால் பழைய பெயரில் ரீடைரக்ட் தானாக நிற்கும், இந்தத் தொல்லை இல்லை. ஆனால் பக்கவாரியாகப் படிக்கும் அனுமதியைப் பூட்டுவதற்கு அது கட்டப்படவில்லை.

அட்லாசியனே தன் சர்வரில் நடத்தும் கிளவுட் பதிப்பு தோற்றத்தில் கஞ்சம். டேட்டா சென்டரில் ஸ்பேஸுக்கென ஸ்டைல்ஷீட் (நிறம், எழுத்துரு போன்ற தோற்ற விதிகள்) போடலாம், கிளவுடில் முடியாது. பழைய ‘சர்வர்’ பதிப்புக்கான ஆதரவோ 2024 பிப்ரவரி 15-இல் முடிந்துவிட்டது.

வெளியாட்களுக்குத் திறந்துவிடும் முன் பக்க வரலாற்றையும் பாருங்கள். பக்கத்தைப் பார்க்க முடிந்தவர் அதன் பழைய வெர்ஷன்களையும் பார்க்கலாம். ஆறு மாதம் முன்பு யாரோ ஒட்டி, மறுநாளே நீக்கிய டெஸ்ட் பாஸ்வேர்டு அங்கே பத்திரமாக இருக்கும். ஸ்பேஸ் அட்மின் அந்த வெர்ஷனை மட்டும் வரலாற்றிலிருந்து அழிக்கலாம். அதற்கும் முன்னால் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள்.